சமையலறையில் மூன்றாவது கம்பி

தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்களின் சமையலறை கடந்த இருபது ஆண்டுகளில் அடைந்துள்ள மாற்றம் சிறிதன்று. விறகும் மண்ணெண்ணெயும் விடைபெற்று எரிவாயு வந்தது. இன்று எரிவாயு அடுப்புக்குப் பக்கத்திலேயே இண்டக்ஷன் அடுப்பு, மைக்ரோவேவ் ஓவன், கேக்கும் ரொட்டியும் சுடுகின்ற ஓ.டி.ஜி. என்னும் மின்சார ஓவன் ஆகியவை வரிசையாக அமர்ந்திருக்கின்றன. பண்டிகைக்காலத் தள்ளுபடியும் வட்டியில்லாத் தவணையும் இவற்றை எளிதில் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டன. ஆனால், இவை அனைத்துக்கும் மின்சாரம் தரும் சுவரும், சுவருக்குள் ஓடும் கம்பியும் பெரும்பாலான வீடுகளில் மாறவே இல்லை.

1990-களில் கட்டப்பட்ட ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். நான்கு குழல் விளக்குகள், மூன்று மின்விசிறிகள், ஒரு தொலைக்காட்சி, காலையில் சற்று நேரம் மிக்ஸி. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினாலும் ஏறக்குறைய 1,000 வாட். அந்தக் கணக்கில்தான் மின்கம்பியாள் கம்பி இழுத்தார். அந்த வீட்டில் இன்று ஓவன் ஒன்று மட்டுமே 1,500 முதல் 2,000 வாட் வரை இழுக்கிறது. இண்டக்ஷன் அடுப்பு இன்னொரு 2,000. குளியலறை வெந்நீர்க் கருவி மற்றொரு 2,000. மாலையில் குளிரூட்டியும் சேர்ந்துகொள்கிறது. வருமானம் உயர்ந்ததன் அடையாளம் இது என்று பொருளியல் படித்தவன் மகிழலாம். மகிழ்ச்சியோடு, பண்டங்கள் பெருகிய வேகத்தில் அவற்றைத் தாங்கும் அடித்தளம் வலுப்பெறவில்லை என்பதையும் அவன் சொல்ல வேண்டும்.

மின்விபத்து என்றவுடன் நம் மனத்தில் எழுவது அறுந்து விழுந்த மின்கம்பி, மழைக்காலத் தெருவிளக்குக் கம்பம், வயலில் மின்வேலி ஆகியவைதான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் விபத்து மரணங்கள் குறித்த அறிக்கைகள், அண்மைய ஆண்டுகளில் ஆண்டுதோறும் 12,000-க்கும் மேற்பட்டோர் இந்தியாவில் மின்சாரம் பாய்ந்து இறப்பதைக் காட்டுகின்றன. வயலும் தெருவும் தொழிற்கூடமும் வீடும் சேர்ந்த எண்ணிக்கை இது. மின்கசிவால் மூளும் தீ விபத்துகளில் இறப்போர் இதில் சேர மாட்டார்கள். அவர்கள் வேறு தலைப்பின்கீழ் வருகிறார்கள். தெருவில் நேரும் மரணத்துக்கு மின்வாரியத்தைக் கேள்வி கேட்கலாம், இழப்பீடு கோரலாம். வீட்டுக்குள் நேரும் மரணம் 'விதி' என்று முடிந்துவிடுகிறது.

ஓவன் எப்படி ஆபத்தாகிறது என்பதை விளங்கிக்கொள்ளப் பொறியியல் பட்டம் தேவையில்லை. பள்ளியில் படித்த இயற்பியல் போதும். 230 வோல்ட் மின்னழுத்தத்தில் 2,000 வாட் ஓவன் 8.7 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது. நம் வீடுகளில் இரண்டு அளவுகளில் சாக்கெட்டுகள் உள்ளன: விளக்கு, விசிறி, கைப்பேசி போன்றவற்றுக்கான 6 ஆம்பியர் சாக்கெட், வெந்நீர்க் கருவி போன்றவற்றுக்கான 16 ஆம்பியர் சாக்கெட். ஓவனின் தடித்த முனைகள் கொண்ட பிளக் 6 ஆம்பியர் சாக்கெட்டில் நுழையாது. நுழையக் கூடாது என்பதற்காகத்தான் அது தடிமனாகவே செய்யப்படுகிறது. ஆனால், தெருமுனை மின்சாமான் கடையில் மிகச் சொற்ப விலைக்கு 'கன்வெர்ஷன் பிளக்' கிடைக்கிறது. தடித்த முனையை ஒருபுறம் வாங்கி மெல்லிய முனையாக மறுபுறம் நீட்டும் அந்தச் சிறு பெட்டி, பாதுகாப்புக்காகப் பொறியாளர்கள் எழுப்பிய ஒரு தடையைச் சில ரூபாயில் தகர்த்துவிடுகிறது. அதையும் நீட்டிப்புப் பெட்டியில் செருகி, அதே பெட்டியில் மிக்ஸியையும் செருகும் வீடுகள் உண்டு.

இதனால் என்ன நேரும்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய சாக்கெட்டின் உள்ளே இருக்கும் பித்தளைத் தகடு தளர்ந்துபோய், அங்கே அரை ஓம் அளவுக்கு மின்தடை உருவாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 75 வாட் மேசை விசிறியைச் செருகினால் அந்த இடத்தில் உண்டாகும் வெப்பம் ஒரு வாட்டில் இருபதில் ஒரு பங்கு, கைக்குத் தெரியாது. அதே சாக்கெட்டில் 2,000 வாட் ஓவனைச் செருகினால் ஏறத்தாழ 38 வாட். வானொலி பழுதுபார்ப்பவர் ஈயம் உருக்கப் பயன்படுத்தும் சால்டரிங் கருவியின் வெப்பத்துக்கு நிகரானது இது. அந்த வெப்பம், விரல் நுனி அளவான இடத்தில், பிளாஸ்டிக்கால் சூழப்பட்டு, கேக் வேகும் நாற்பது நிமிடமும் தங்குகிறது. மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும் என்ற விதியின் விளைவு இது.

இதில் கவனிக்க வேண்டியது, ஓவன் வழக்கம்போலவே வேலை செய்துகொண்டிருக்கும் என்பது. நான்கு வோல்ட் குறைந்ததை அது பொருட்படுத்தாது. எம்.சி.பி. எனப்படும் தானியங்கித் துண்டிப்பானும் விழாது. ஏனெனில், அளவுக்கு மீறிய மின்னோட்டம் எதுவும் பாயவில்லை. எச்சரிக்கை தருவன மூன்றே: பிளக்கைத் தொட்டால் சூடு, சாக்கெட்டின் துளையைச் சுற்றிப் பழுப்பு நிறம், கருகிய மீன் போன்ற ஒரு நாற்றம். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அந்தச் சாக்கெட்டின் ஆயுள் முடிந்துவிட்டது என்று பொருள். பிளக்கைச் சற்று அசைத்து வைத்துச் சமாளிப்பது தீயோடு விளையாடுவதாகும்.

மைக்ரோவேவ் ஓவன் பற்றி இங்கே ஒரு சொல். அதன் அட்டைப்பெட்டியில் '800 வாட்' என்று பெரிதாக எழுதியிருப்பது உணவுக்குள் செல்லும் ஆற்றல். சுவரிலிருந்து அது இழுப்பது 1,200 வாட்டுக்கும் மேல். பின்புறத் தகட்டில் சிறிய எழுத்தில் இருக்கும் எண்தான் கம்பிக்கு உரிய எண். இன்னொன்று, அதன் உள்ளே ஏறக்குறைய 2,000 வோல்ட் மின்னழுத்தம் உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும் மின்தேக்கி மின்னூட்டத்தைச் சேமித்து வைத்திருக்கக்கூடும். ஆகவே, கைத்திறன் உள்ள வீட்டுப் பிள்ளைகள் மிக்ஸியைக் கழற்றலாம், இஸ்திரிப் பெட்டியைக் கழற்றலாம். மைக்ரோவேவை மட்டும் கழற்றவே கூடாது.

இனி, உயிரோடு நேரடியாகத் தொடர்புடைய பகுதிக்கு வருவோம். சுடும் ஓவனின் உள்ளே மேலும் கீழும் நீண்ட கம்பிகளைப் பார்த்திருப்பீர்கள். அவை வெறும் கம்பிகள் அல்ல. வெளியே உலோகக் குழாய். நடுவில் சூடேறும் நிக்ரோம் சுருள். இரண்டுக்கும் இடையில் மெக்னீசியம் ஆக்சைடு என்ற வெண்ணிறப் பொடி. வெப்பத்தைக் கடத்தி மின்சாரத்தைத் தடுக்கும் அரிய இயல்பு அந்தப் பொடிக்கு உண்டு. ஆனால், அதற்கு ஒரு குறையும் உண்டு: காற்றிலுள்ள ஈரத்தை அது உறிஞ்சும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில், ஆறு மாதம் பரண்மேல் கிடந்த ஓவனை ஐப்பசி மழையில் இறக்கிச் செருகினால், அந்த ஈரத்தின் வழியே சிறிதளவு மின்சாரம் வெளிக்குழாய்க்குக் கசியும். நாட்பட்ட கம்பியின் உறையில் விரிசல் விழுந்தாலோ கசிவு சிறிதளவாக இராது. குழாயிலிருந்து ஓவனின் உலோக உடலுக்கு. உடலிலிருந்து அதைத் தொடும் கைக்கு.

இந்த ஆபத்தை முன்னுணர்ந்துதான் ஓவனுக்கு மூன்றாவது கம்பி தரப்பட்டிருக்கிறது. பிளக்கில் மற்ற இரண்டையும்விட நீளமாகவும் பருமனாகவும் இருக்கும் மேல்முனை, எர்த் எனப்படும் புவி இணைப்புக்கானது. செருகும்போது முதலில் சேர்வதற்காகவும், பிடுங்கும்போது கடைசியில் பிரிவதற்காகவும் அது நீளமாக்கப்பட்டது. ஓவனின் உடலுக்கு மின்சாரம் வந்தால், தொடுபவரின் உடல் வழியாகச் செல்லாமல் அந்தக் கம்பி வழியாக மண்ணுக்குப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. ஏற்பாடு சுவர் வரை சரியாகவே இருக்கிறது. சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

வீட்டுப் புறத்தில் குழி தோண்டி, குழாயோ தகடோ புதைத்து, கரியும் உப்பும் இட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றிவந்த வழக்கம் பழைய வீடுகளில் இருந்தது. இன்று அந்தக் குழியின்மேல் கார் நிறுத்தும் கற்றளம் போடப்பட்டிருக்கிறது. கம்பி துருப்பிடித்து அறுந்திருந்தாலும் தெரிவதற்கில்லை. ஏனெனில், எர்த் இல்லாவிட்டாலும் விளக்கு எரியும், ஓவன் சூடாகும். இல்லாதபோது எந்தக் குறையும் தெரியாத ஒரே கம்பி அதுதான்.

இதைவிடக் கொடியது, எர்த் இல்லாத வீட்டில் சில கம்பியாள்கள் செய்துவைக்கும் ஒரு குறுக்குவழி. சாக்கெட்டின் பின்புறம் எர்த் முனையையும் நியூட்ரல் முனையையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடுவார்கள். சோதனை விளக்கு வைத்துப் பார்த்தால் எர்த் இருப்பதுபோலவே எரியும், வீட்டுக்காரருக்கும் திருப்தி. என்றைக்காவது கம்பத்திலோ மீட்டர் பெட்டியிலோ நியூட்ரல் கம்பி அறுந்தால், ஓவனுக்குள் சென்ற மின்சாரம் திரும்பும் வழியின்றி அந்தத் துண்டுக் கம்பி வழியே ஓவனின் உடலுக்கே வந்துவிடும். பாதுகாப்புக்கென்று வைத்த முனையே 230 வோல்ட்டைக் கையில் கொண்டுவந்து கொடுக்கும்.

முறையான எர்த் இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. புவி இணைப்பின் மின்தடை 10 ஓம் என்று கொள்வோம். வறண்ட செம்மண், பாறை நிலங்களில் இது அரிதன்று. ஓவனின் உடலுக்கு முழு மின்னழுத்தமும் வந்தால் அந்த வழியே பாய்வது அதிகபட்சம் 23 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. அந்த அளவு மின்னோட்டத்தில் உடனே விழாது. விழுவதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அதுவரை ஓவனின் உடல் மின்னூட்டத்தோடு நிற்கும். எம்.சி.பி. இருக்கிறது, ஆகவே ஷாக் அடிக்காது என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். எம்.சி.பி. கம்பியைக் காப்பதற்கான கருவி, மனிதரைக் காப்பதற்கானதன்று. ஈரக் கையின் வழியே மனித உடலில் பாய்வது ஏறத்தாழ கால் ஆம்பியர். 16 ஆம்பியரை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் கருவிக்குக் கால் ஆம்பியர் ஒரு பொருட்டே அன்று.

அந்தக் கால் ஆம்பியர் நமக்கு எவ்வளவு பெரிது என்பதைக் கண்டறிந்தவர்களில் முதன்மையானவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பேராசிரியராக இருந்த சார்லஸ் டல்சியல். எத்தனை மின்னோட்டம் வரை மனிதர் தாமாகவே கையை விடுவித்துக்கொள்ள முடியும் என்பதைத் தன்னார்வலர்களிடம் சோதித்துப் பார்த்தார். ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியர். ஒரு மில்லி ஆம்பியர் என்பது ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்கு மேல் போனால் தசைகள் இறுகி, பிடித்ததை விட முடியாது. 'கரண்ட் இழுத்துக்கொண்டது' என்று நாம் சொல்வது இதைத்தான். மின்சாரம் இழுப்பதில்லை, நம் கையே விட மறுக்கிறது. மேலும் கூடினால் இதயத் துடிப்பு குலைகிறது. சமையலறையில் அதிக நேரம் நிற்பவர் யார் என்பதையும், அவருடைய தாங்கும் எல்லை குறைவு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

டல்சியல் அளந்ததோடு நிற்கவில்லை. 1961-இல் இத்தகைய சிறு கசிவைக் கண்டறிந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியையும் உருவாக்கினார். அவ்வகைக் கருவிகளே இன்று ஆர்.சி.சி.பி., ஆர்.சி.டி. என்ற பெயர்களில் நம் கடைகளில் கிடைக்கின்றன. நம் கம்பியாள்கள் பழைய பழக்கத்தில் இ.எல்.சி.பி. என்பார்கள். அதன் தத்துவம் ஒரு நேர்மையான கணக்கர் செய்யும் வேலை. ஃபேஸ் கம்பி வழியே வீட்டுக்குள் சென்ற மின்னோட்டம் எவ்வளவு, நியூட்ரல் கம்பி வழியே திரும்பியது எவ்வளவு என்று ஓயாமல் ஒப்பிடுகிறது. இரண்டும் சமமாக இருக்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், குறைந்த அந்தப் பங்கு வேறு எங்கோ, ஒருவேளை ஒரு மனித உடல் வழியே, மண்ணுக்குப் போகிறது என்று முடிவு செய்து, ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் தொடர்பை அறுத்துவிடுகிறது. எர்த் கம்பி இல்லாத வீட்டிலும் இது வேலை செய்யும். ஆனால் அப்போது யாராவது தொட்ட பிறகுதான் விழும். எர்த்தும் இருந்தால், தொடுவதற்கு முன்பே விழுந்துவிடும்.

இக்கருவி எல்லாவற்றிலிருந்தும் காக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். ஒரு கையில் ஃபேஸும் மறு கையில் நியூட்ரலும் பிடித்தால் கணக்கு சமமாகவே இருக்கும்; கருவி பேசாமல் இருக்கும். முன்பு சொன்ன கருகும் சாக்கெட்டையும் அது அறியாது. இவ்வளவு வரம்புகள் இருந்தும், வீட்டு மின்விபத்தில் உயிரைக் காப்பதில் இதற்கு ஈடான வேறொரு பொருளை நான் அறியேன்.

அமெரிக்க மின்விதித்தொகுப்பு 1975-இல் குளியலறைகளுக்கும் 1987-இல் சமையலறைகளுக்கும் இத்தகைய பாதுகாப்பைக் கட்டாயமாக்கியது. நம் நாட்டிலும் விதி இல்லாமல் இல்லை. மத்திய மின்சார ஆணையத்தின் 2010-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் வீட்டு இணைப்புகளுக்கான கசிவு வரம்பை 30 மில்லி ஆம்பியர் என்றே நிர்ணயித்தன. 2023-இல் அவற்றுக்கு மாற்றாகப் புதிய ஒழுங்குமுறைகளும் வந்துவிட்டன. விதி காகிதத்தில் இருக்கிறது. கருவி சுவரில் இல்லை. ஏன்?

இங்கேதான் பொருளியல் உதவிக்கு வருகிறது. ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற ஆய்வுக்கட்டுரை பழைய கார்ச் சந்தையைப் பற்றியது. தரத்தை விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியார் என்ற நிலை நிலவினால், நல்ல பொருள் சந்தையை விட்டே விலகிவிடும் என்று அவர் காட்டினார். 2001-இல் நோபல் பரிசும் பெற்றார். மின்கம்பி வேலை இதற்கு அச்சான எடுத்துக்காட்டு. சுவர் பூசப்பட்ட பிறகு உள்ளே ஓடுவது இரண்டரை சதுர மில்லிமீட்டர் கம்பியா ஒன்றரையா என்று வீட்டுக்காரருக்குத் தெரியாது. முறையாகச் செய்பவர் கேட்கும் கூலியும் ஒப்பேற்றுபவர் கேட்கும் கூலியும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்படும்போது, ஒப்பேற்றுபவருக்கே வேலை கிடைக்கும். நன்றாகச் செய்பவர் சில ஆண்டுகளில் ஒன்று தொழிலை விடுவார், அல்லது தாமும் ஒப்பேற்றக் கற்றுக்கொள்வார்.

இரண்டாவது காரணம் வாடகை வீடு. கம்பியை மாற்றச் செலவு செய்ய வேண்டியவர் வீட்டு உரிமையாளர். ஷாக் அடிக்கப்போவது குடியிருப்பவருக்கு. செலவு ஒருவருக்கும் பயன் இன்னொருவருக்கும் என்றால் அந்தச் செலவு நடக்காது. 11 மாத ஒப்பந்தத்தில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது யார் பொறுப்பு என்று எழுதுகிறார்கள். எர்த் இருக்கிறதா என்று ஒரு வரி எழுதுவதில்லை. இங்கிலாந்தில் 2020-இல் கொண்டுவரப்பட்ட ஒழுங்குமுறைகளின்படி, வாடகைக்கு விடப்படும் வீட்டின் மின்னமைப்பைத் தகுதி பெற்றவரைக் கொண்டு குறைந்தது ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை சோதித்து, அறிக்கையைக் குடியிருப்பவருக்குத் தருவது உரிமையாளரின் கடமை.

மூன்றாவது காரணம், பாதுகாப்பு என்ற பண்டம் கண்ணுக்குத் தெரியாதது. ஆர்.சி.சி.பி. உயிரைக் காத்த நாளில், 'காத்தது' என்ற செய்தி யாருக்கும் கிடைப்பதில்லை. 'கரண்ட் போய்விட்டது' என்ற எரிச்சல்தான் மிஞ்சுகிறது. மழைக்காலத்தில் ஈரமேறிய பழைய ஓவனைப் போட்டவுடன் கருவி விழுகிறது. கம்பியாளை அழைக்கிறார்கள். 'இது அடிக்கடி விழுந்துகொண்டே இருக்கும் சார், கழற்றி நேரடியாகப் போட்டுவிடுகிறேன்' என்கிறார் அவர். பிரச்சினை அன்றோடு தீர்ந்துவிடுகிறது, அடுத்த கசிவு வரையில். காவலர் குரைத்து எழுப்புகிறார் என்பதற்காக அவரையே வேலையை விட்டு நீக்குவது போன்றது இது. செய்ய வேண்டியது, ஒவ்வொரு கருவியாகப் பிடுங்கிப் பார்த்து, எது செருகப்படும்போது விழுகிறது என்று கண்டுபிடித்து, அதைப் பழுதுபார்க்க அனுப்புவது.

என்னிடம் படித்த மாணவி ஒருவர் பொதுமுடக்கக் காலத்தில் வீட்டிலேயே கேக் செய்து விற்கத் தொடங்கினார். 2020-க்குப் பிறகு நம் ஊர்களில் இப்படித் தொழில்முனைவோரான பெண்கள் ஏராளம்; பெருமைப்பட வேண்டிய வளர்ச்சி. அவருடைய ஓவன் நாள்தோறும் ஆறு மணி நேரம் ஓடுகிறது. 'தொட்டால் லேசாக ஜிவ்வென்று இருக்கும் சார், அதனால் மரப்பலகைமேல் செருப்புப் போட்டுக்கொண்டு நிற்கிறேன்' என்று அவர் இயல்பாகச் சொன்னார். அந்த ஜிவ்வென்ற உணர்வு பல நேரங்களில் ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவான, தன்னளவில் தீங்கற்ற கசிவாகவும் இருக்கலாம். ஆனால், எர்த் சரியாக இருந்தால் அதுகூட உணரப்படாது. உணரப்படுகிறது என்றால் எர்த் இல்லை என்றே பொருள். நாளை உள்ளே ஒரு விரிசல் விழுந்தால் அவருக்கும் மரணத்துக்கும் இடையில் இருப்பது ஒரு ரப்பர் செருப்பு மட்டுமே. சோதித்துப் பார்த்ததில் அந்தச் சாக்கெட்டுக்கு எர்த் கம்பியே இழுக்கப்பட்டிருக்கவில்லை. வீட்டில் உணவு தயாரித்து விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும், அவரும் செய்திருந்தார். உண்பவரின் வயிற்றைக் காக்கும் அந்தப் பதிவில், சுடுபவரின் உயிரைப் பற்றிய கேள்வி எதுவும் இல்லை. வீடு தொழிற்கூடமாகும்போது தொழிற்சாலைச் சட்டமும் அதன் ஆய்வாளரும் அங்கே வருவதில்லை.

செலவைப் பார்ப்போம். வீடு முழுமைக்குமான 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று இன்றைய சந்தையில் ஏறக்குறைய 2,000 முதல் 3,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. பத்தாண்டு உழைத்தாலும் ஆண்டுக்கு 200, 300 ரூபாய். ஓவன் வாங்கும் வீட்டுக்கு இது பெருந்தொகை அன்று. ஆனால், கூரை வீட்டில் ஒற்றை விளக்கோடு தொடங்கி, 2011-க்குப் பிறகு அரசு தந்த மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றை அதே கம்பியில் மாட்டியிருக்கும் குடும்பத்துக்கு இது பெருந்தொகைதான். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரத்தை இலவசமாகத் தரும் அரசு, வாழ்நாளில் ஒருமுறை இந்தக் கருவியை அத்தகைய வீடுகளுக்கு மானியத்தில் தருவது நியாயமான செலவு என்றே கருதுகிறேன். மின்சாரத்தை இலவசமாகக் கொடுத்து, அதைப் பாதுகாப்பாகப் பயன்படுத்தும் வழியைச் சந்தையில் தேடிக்கொள் என்பது பாதி வேலை.

மற்ற வீடுகளுக்குச் செய்யக்கூடியதும் உண்டு. புதிய இணைப்பு தரும்போது சோதிப்பதோடு சரி. பிறகு முப்பது ஆண்டானாலும் அந்த வீட்டுக் கம்பியை யாரும் பார்ப்பதில்லை. மின்வாரியத்தின் கணினியிலோ ஒவ்வொரு வீட்டின் பயன்பாடும் பதிவாகிறது. அனுமதிக்கப்பட்ட மின்பளுவைக் கூட்டும்போதும், வீடு கைமாறி மின் இணைப்பின் பெயர் மாற்றப்படும்போதும், உரிமம் பெற்ற மின்கம்பியாளின் சோதனை அறிக்கை ஒன்றைக் கேட்கலாம். இதற்கென்று புதிய ஆய்வாளர் படை தேவையில்லை. தேர்ச்சி பெற்ற கம்பியாள்களுக்கு வேலையும் மதிப்பும் கூடும், ஏகர்லாஃப் சொன்ன சிக்கலும் சற்றே தளரும். இன்னொரு சோதனைக்கூடம், இன்னொரு கையூட்டு வாசல் என்று இது மாறிவிடக்கூடும் என்ற அச்சம் நியாயமானது. அதனால்தான் அறிக்கை தருபவராக அதிகாரியை வைக்காமல், போட்டியுள்ள சந்தையில் இயங்கும் கம்பியாளை வைக்கச் சொல்கிறேன்.

அரசு செய்யும் வரை வீட்டார் காத்திருக்க வேண்டியதில்லை. ஓவனுக்கென்று மீட்டர் பெட்டியிலிருந்து தனிக் கம்பியும் 16 ஆம்பியர் சாக்கெட்டும் போடச் சொல்லலாம். கன்வெர்ஷன் பிளக்கைக் குப்பையில் போடலாம். துடைக்கும்போதும், உள்விளக்கை மாற்றும்போதும் சுவிட்சை அணைப்பதோடு நிற்காமல் பிளக்கையே பிடுங்க வேண்டும். ஏனெனில், சுவிட்ச் தவறுதலாக நியூட்ரல் கம்பியில் மாட்டப்பட்டிருந்தால், அணைத்த பிறகும் உள்ளே மின்சாரம் நிற்கும். உலோக நார் கொண்டு தேய்ப்பவர் கைக்கு அது எட்டிவிடும்.

ஆர்.சி.சி.பி. ஏற்கெனவே உள்ள வீடுகளில் அதன் முகப்பில் 'டி' என்ற ஆங்கில எழுத்துப் பொறித்த சிறு பொத்தான் ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் கருவி உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அது வெறும் பெட்டி, மாற்ற வேண்டும். கணினியும் தொலைக்காட்சியும் அணைந்திருக்கும் நேரம் பார்த்து, மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க ஒரு நிமிடம் ஆகும்.